சித்தி கையில் கேக்

"நான் சந்தோஷமா இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னா?"

சித்தி என்னிடம் இப்படித்தான் கேட்டார். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் அது. அடுத்து என்ன படிப்பது என்று புரியாமல் நானும் தவித்து, வீட்டிலிருந்தவர்களையும் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கணக்குப் படிக்கிறேன் என்பேன். மறுநாள் கேமரா வாங்கிக் கொடுத்தால் போதும், படிப்பே வேண்டாம் என்பேன். பொறுத்துப் பார்த்த அப்பா கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார்.

"பேசாம உன் சித்தி படிச்சதையே படி. ஏசி ரூம். கையில அழுக்குப் படாது. ஆளுங்களைச் சந்தோஷமா வெச்சுக்கறதுதான் வேலையே. அதுக்குச் சம்பளமும் குடுக்கறான்னா வேற என்ன வேணும்?"

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. உடனே கிளம்பிச் சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி கட்டிலில் துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தார். "நானும் உங்களை மாதிரி ஹெச்.ஆர். ஆகப் போறேன் சித்தி. வேலையில நீங்க ரொம்பச் சந்தோஷமா இருக்கீங்கன்னு அப்பா சொன்னாரு" என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. கேட்டுவிட்டு, மடித்த சட்டையையே மறுபடி உதறி மறுபடி மடித்தார்.

"அப்படிக் கேளு! இந்த வீட்லயும் அதே கேள்விதான் ரொம்ப நாளா ஓடுது" என்று டிவிக்கு முன்னாலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். சித்தி சிரிக்கவில்லை.

அதன்பின் நான் போகும்போதெல்லாம் தன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பெரும்பாலும் பாத்திரம் கழுவும்போது சொல்வார். அவர் கழுவித் தர நான் துடைத்து வைப்பேன். இரண்டு பேர் பார்வையும் பாத்திரத்தில் இருப்பதால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

சித்தி மெத்தை செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கீழே பெரிய கூடம். ஒரு பக்கம் நுரைப் பாளங்களை வெட்டுவார்கள், இன்னொரு பக்கம் தைப்பார்கள், கடைசியில் பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டுவார்கள். யார் தலையைப் பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். மாடியில் கண்ணாடி போட்ட அலுவலகம். அங்கேதான் மனிதவளத் துறை. துறை என்று பெயர்தான் பெரிது. ஒரு மேலாளரும் சித்தியும், அவ்வளவுதான். மேலாளருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் பொறுமை சார். யாராவது குறை சொல்ல வந்தால், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே இரண்டு கையையும் உயர்த்தி "பொறுமை, பொறுமை" என்பாராம்.

சித்தி இந்த வேலைக்கு ஆசைப்பட்டுத்தான் போனார். எங்கள் குடும்பத்தில் எல்லோருடைய பிறந்தநாளையும் நினைவு வைத்திருப்பவர் அவர்தான். பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு பேரை ஒரே மேசையில் உட்கார வைத்துச் சாப்பிடச் செய்வதும் அவர்தான். "உன் சித்தி சின்ன வயசுல பொம்மைங்களுக்கே பஞ்சாயத்து பண்ணுவா" என்று அம்மா சொல்வார். அப்படிப்பட்டவருக்கு இந்த வேலை பொருத்தமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

கூடத்துக்குச் சித்தி இறங்கி வந்தால் எல்லோரும் முதலில் அவர் கையைத்தான் பார்ப்பார்களாம். கையில் கேக் பெட்டி இருந்தால் அன்று யாருக்கோ பிறந்தநாள். கேக் வாங்குவதும் பாட்டுப் பாட ஆள் சேர்ப்பதும் சித்தியின் வேலை. கை வெறுமையாக இருந்தால் யாரையோ மாடிக்குக் கூப்பிடப் போகிறார் என்று அர்த்தம். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு மேசை, சில நாற்காலிகள், தண்ணீர் பாட்டில், முகம் துடைக்கும் காகிதப் பெட்டி. உள்ளே போனவர்கள் திரும்பத் தங்கள் இயந்திரத்துக்கு வருவதில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் காகிதப் பெட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்வதும் சித்தியின் வேலைதான்.

"மேடம் இறங்கறாங்க, கையைப் பாரு, கையைப் பாரு" என்று கிசுகிசுப்பது அவர் காதிலேயே விழும். கேக்கைப் பார்த்ததும் மூச்சு விடுவதும் கேட்குமாம்.

சாப்பாட்டு நேரம் இன்னும் மோசம். சித்தி போய் உட்கார்ந்தால் அந்த மேசையில் பேச்சு நின்றுவிடும். ஒருவருக்குத் திடீரென்று போன் வரும், இன்னொருவருக்குக் கை கழுவ வேண்டியிருக்கும். "பேன் மாதிரி ஆயிட்டேன் கண்ணு. நான் போய் உட்கார்ந்தா எல்லாரும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே எழுந்திருப்பாங்க" என்றார் சித்தி. நான் சிரித்துவிட்டேன். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

அப்படித் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு எதிரில் ஒரு நாள் ஒரு டிபன் பாக்ஸ் டக்கென்று வந்து உட்கார்ந்தது. கூடவே ஒரு குரல்.

"காலைக் கொஞ்சம் நகர்த்துங்க மேடம். உங்களைப் பார்த்துப் பயந்து ஓட நான் என்ன மெத்தையையா திருடிட்டேன்? ஆனா ஒண்ணு, என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு முட்டை. பாதி கேட்டீங்கன்னா நானும் எழுந்து போயிடுவேன்."

அவர்தான் ஓரம் அக்கா. மெத்தையின் மேல் துணியையும் பக்கத் துணியையும் சேர்த்துச் சுற்றிலும் நாடா வைத்துத் தைக்க வேண்டும். அதற்கு ஓரம் தைப்பது என்று பெயர். நேராக ஓட்டுவது யாருக்கும் வரும், மூலையில் சுருக்கம் விழாமல் திருப்புவதுதான் கஷ்டம். அந்தப் பிரிவுக்கு அக்காதான் தலைமை. வீட்டில் வயதான அப்பாவும், படித்துக்கொண்டிருந்த மகளும். சம்பாதிப்பவர் அக்கா ஒருவர்தான்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் தினமும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அக்காவின் மகளுக்குக் கல்லூரியில் சேர எங்கே விசாரிக்க வேண்டும் என்று சித்தி சொல்வார். சித்தப்பாவுக்கு ஞாபகமறதி என்று சித்தி புலம்பினால், அவர் செருப்பை ஒளித்து வையுங்கள், தேடும்போது எல்லாம் ஞாபகம் வரும் என்று அக்கா யோசனை சொல்வார். முட்டையில் பாதியும் சித்திக்கு வர ஆரம்பித்தது. "வேலையில நான் சந்தோஷமா இருந்தேன்னா அது அந்தச் சாப்பாட்டு நேரத்துல மட்டும்தான்" என்றார் சித்தி.

பிறகு ஒரு நாள் மாடியில் கூட்டம் போட்டார்கள். இனி மெத்தைகளைச் சுருட்டிப் பெட்டியில் அடைத்து விற்கப் போகிறார்கள். அதற்கு ஜிப் வைத்த உறையே போதும், அந்த உறையும் வெளியிலிருந்து தைத்து வந்துவிடும். கையிலிருக்கும் ஆர்டர் முடிந்ததும் ஓரம் தைக்கும் பிரிவை மூடிவிட முடிவு செய்தார்கள். அதுவரை கீழே யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் ஆட்கள் இப்போதே வேறு இடம் தேடிப் போவார்கள், ஆர்டர் நின்றுவிடும்.

"பொறுமையா இருங்க. வாயைத் திறந்தோம்னா முதல்ல போறது நம்ம வேலைதான்" என்று பொறுமை சார் சித்தியிடம் சொன்னார்.

அந்த வாரமே சாப்பிடும்போது அக்கா ஒரு சேதி சொன்னார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் சோபா செய்யும் பட்டறை இருக்கிறது. அங்கே உறை தைக்க ஆள் கேட்கிறார்கள்.

"சம்பளம் கொஞ்சம் கம்மிதான் மேடம். ஆனா நடந்தே போயிடலாம். மத்தியானம் வந்து அப்பாவுக்கு ஒரு வாய் ஊட்டிட்டுப் போகலாம். சீக்கிரம் சொல்லலைன்னா வேற ஆளை எடுத்துடுவாங்களாம். நீங்க மேல இருக்கறவங்க, உங்களுக்குத் தெரியாததா? சொல்லுங்க, போகவா, இருக்கவா?"

சித்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். 'உங்க இஷ்டம்க்கா' என்று சொல்லியிருக்கலாம். 'போங்க' என்ற ஒரே வார்த்தை போதும், அதில் ரகசியம் எதுவும் வெளியே வந்திருக்காது. ஆனால் சின்ன அறையில் பேசிப் பேசிப் பழகிய குரல் தானாக வந்துவிட்டது.

"அவசரப்படாதீங்கக்கா. இத்தனை வருஷம் இருந்த இடம். விட்டுட்டா திரும்பி வர முடியாது. கொஞ்சம் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

"நீங்க சொன்னா சரி" என்று அக்கா டிபன் பாக்ஸை மூடினார். பட்டறையில் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

இதைச் சொன்ன நாளில் என் கையிலிருந்த தட்டைத் துடைக்க மறந்து நின்றுவிட்டேன். "ஏன் சித்தி அப்படிச் சொன்னீங்க? வேலை போயிடும்னு பயமா?"

"பயம்தான்" என்றார். குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய டம்ளரையே கழுவினார். "ஆனா அது மட்டும் இல்ல. அவங்க போயிட்டா நான் யாரோட சாப்பிடறதுன்னு ஒரு நினைப்பு வந்துச்சு, கண்ணு. ஆர்டர் முடியற வரைக்குமாவது கூட இருக்கட்டுமேன்னு. இதை உன் சித்தப்பாகிட்டகூட நான் சொல்லலை."

ஆர்டர் முடியும் நாள் வந்தது. அன்று அக்காவுக்குப் பிறந்தநாள். முதலில் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும், மற்றவர்களை அவர் சமாதானப்படுத்துவார் என்று மாடியில் முடிவு செய்திருந்தார்கள். ஆனால் சித்தி வெறுங்கையோடு இறங்கிப் போனால் உடனே எல்லா இயந்திரமும் நின்றுவிடும், கடைசி மெத்தைகள் கட்டி முடிக்காமல் கிடக்கும். அதனால் கேக்கோடு போவது என்று ஏற்பாடாயிற்று.

"இது பொறுமை சார் யோசனைதானே?" என்று கேட்டேன்.

"அப்படின்னு நீ நினைப்பேன்னு தெரியும்" என்றார் சித்தி. "இல்ல. நான்தான் சொன்னேன். அப்ப எனக்கு அது நல்ல யோசனையாத்தான் தெரிஞ்சுது. அவங்க பதறாம மேல வருவாங்க, நாலு பேர் முன்னாடி தலை குனியாம வருவாங்கன்னு நினைச்சேன். சார்கூட, மனுஷங்களைப் புரிஞ்ச ஆள் வேணும்கறது இதுக்குத்தான்னு பாராட்டினாரு."

சித்தி இறங்கினார். "கையைப் பாரு" என்று யாரோ சொல்ல, "கேக்குடா!" என்று இன்னொருவர் கத்த, இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரும் ஓரம் தைக்கும் பக்கம் கூடினார்கள். பாட்டு ஆளுக்கொரு ராகத்தில் போனது. கேக் வெட்டக் கத்தி இல்லை. "நுரை வெட்டற கத்தியைக் கொண்டா" என்று ஒருவர் சொல்ல, முழ நீளக் கத்தி வந்தது. "யாரை வெட்டறதுக்குடா இது?" என்று அக்கா கேட்க, கூடமே சிரித்தது. தலையில் ஒட்டிய பஞ்சோடு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெட்டினார்.

"முதல் துண்டு மேடத்துக்குத்தான். பாவம், எப்பப் பார்த்தாலும் ஊருக்கெல்லாம் குடுத்துட்டு நிக்கறாங்க" என்று சித்தியின் வாயில் ஊட்டினார்.

சித்தி அதை விழுங்கிவிட்டு, "அக்கா, ஒரு நிமிஷம் மேல வாங்களேன்" என்றார்.

"பரிசு வேற இருக்கா?"

"பிரமோஷன் அக்காவுக்கு! மறக்காம எங்களுக்கு விருந்து வெச்சுடணும்" என்று கட்டும் பிரிவிலிருந்து ஒரு பையன் கத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலோடுதான் அக்கா மாடிப்படி ஏறினார். பொறுமை சாருக்கென்று காகிதத் தட்டில் ஒரு துண்டு கேக்கும் எடுத்துக்கொண்டார்.

சின்ன அறைக்குள் நுழைந்ததும் அக்கா முதலில் காகிதப் பெட்டியைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். தட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சார் ஜிப் உறை, புதிய சந்தை, கம்பெனியின் நிலைமை என்று பேசிக்கொண்டே போனார். அவர் முடித்ததும் அக்கா சித்தி பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டார்.

"மேடம், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

சாரும் சித்தியைப் பார்த்தார்.

"எனக்கே இன்னைக்குக் காலையிலதான்க்கா சொன்னாங்க" என்றார் சித்தி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அக்கா அழவில்லை. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை உருவிச் சித்தி கையில் கொடுத்தார். "அழாதீங்க மேடம். நீங்க என்ன பண்ணுவீங்க, சொன்னதைச் செய்யறவங்க. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிருந்தா அன்னைக்கே என்னை அனுப்பியிருப்பீங்க." பிறகு எழுந்தார். "கீழ இருக்கறதுங்ககிட்ட நீங்க வந்து சொல்ல வேண்டாம். பயந்துடும்ங்க. நானே சொல்லிக்கறேன்."

மாடிக் கண்ணாடி வழியாகச் சித்தி பார்த்தார். அக்கா ஒவ்வொரு இயந்திரமாகப் போய், குனிந்து, தோளைத் தொட்டுப் பேசிக்கொண்டிருந்தார். மேசை மேல் மீதிக் கேக் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் பிறந்தநாள் என்பதே இல்லாமல் போயிற்று. பிறந்தநாள் வந்தால் எல்லோரும் அன்று லீவு போட்டுவிடுகிறார்கள். காய்ச்சல், வயிற்றுவலி, உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்று ஏதாவது ஒரு காரணம். லீவு போட மறந்து வந்தவன் அந்தக் கட்டும் பிரிவுப் பையன் ஒருவன்தான். சித்தி கேக்கோடு போய் எதிரில் நின்றதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றான். யாரும் பாடவில்லை. சித்தி கேக்கை அப்படியே மாடிக்கு எடுத்துக்கொண்டு வந்து ஃபிரிட்ஜில் வைத்தார். கெட்டுப்போன பிறகு துப்புரவு செய்பவர் எடுத்து வெளியே போட்டார்.

அந்த வருஷம்தான் அவர்கள் கம்பெனிக்கு ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருக்கும் இடம் என்று ஒரு கேடயம் கிடைத்தது. பல கம்பெனிகளின் மனிதவளத் துறைக்காரர்கள் சேர்ந்து ஒரு பெரிய ஹோட்டலில் விழா நடத்தினார்கள். எல்லோர் சட்டையிலும் சிரிக்கும் முகம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. விழாவில் சித்தி கேட்டதில் அவருக்குப் பிடித்த பேச்சு கை கழுவும் இடத்தில் நடந்ததுதான். "உங்க பிறந்தநாளுக்கு யாருங்க கேக் வாங்குவா?" என்று ஒருவர் கேட்டாராம். "வேற யாரு, நானேதான் ஆர்டர் பண்ணி, நானே அடடான்னு ஆச்சரியப்படுவேன்" என்று இன்னொருவர் சொல்ல, முன்பின் தெரியாத பெண்கள் எல்லோரும் கண்ணாடி முன் நின்று சிரித்தார்களாம். சிரித்து முடித்தபின் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை என்றார் சித்தி.

மேடையில் பொறுமை சார் பேசினார். "ஒருத்தரை வேலையிலிருந்து அனுப்பறதைக்கூட நாங்க இனிப்போடதான் செய்யறோம்" என்று கேக் கதையைச் சொன்னார். அரங்கமே கை தட்டியது. பக்கத்து நாற்காலிப் பெண் சித்தியின் காதருகில் வந்து, "சூப்பர் ஐடியாங்க. நாங்களும் செய்யப் போறோம். யாரோட யோசனை?" என்று கேட்டார்.

"தெரியலைங்க" என்றார் சித்தி.

இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று சித்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் நம்பர் மாறிவிட்டிருந்தது. நான் அவரோடு போனேன். அக்கா இருந்த வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. "அந்தப் பெரியவர் தவறினதும் காலி பண்ணிட்டாங்க. எங்க போனாங்கன்னு தெரியாது" என்று வாசலில் நின்ற பெண் சொன்னார். அந்தச் சோபா பட்டறைக்கும் போனோம். முதலாளி வாயில் ஆணிகளைக் கவ்வியபடி ஒரு நாற்காலிக்கு உறை அடித்துக்கொண்டிருந்தார். ஆணிகளைக் கையில் துப்பிவிட்டுப் பேசினார்.

"அவங்களா? முதல்ல நானா கூப்பிட்டேன், வரலை. அப்புறம் அவங்களா வந்து கேட்டாங்க, இடம் இல்லை. எனக்கே சங்கடமாப் போச்சு. நீங்க யாரு?"

"கூட வேலை பார்த்தவ" என்றார் சித்தி.

"கூட இருந்த உங்களுக்கே தெரியலைன்னா எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டார்.

சித்தியும் நானும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அவர் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். விட்டுவிடலாமே என்று கேட்டேன். "விட்டுட்டு? வேற கம்பெனி, வேற ரூம். அங்கயும் அதே நாற்காலிதான் இருக்கும்" என்றார். பஸ் வந்த பிறகு, ஏறும்போது திரும்பி, "நீதான் எதையாவது எழுதிட்டே இருப்பியே, இதை எழுதேன். ஆனா என்னை நல்லவளா எழுதிடாத" என்றார்.

அதனால்தான் எழுதியிருக்கிறேன். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. படித்தவர்கள் இதைத் தயவுசெய்து நாலு பேருக்குச் சொல்லுங்கள். மனிதவளத் துறையில் இருப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தையல் கூடத்திலோ மெத்தைக் கடையிலோ சோபா பட்டறையிலோ தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். எங்காவது ஒருவரை ஓரம் அக்கா என்று கூப்பிடுவது உங்கள் காதில் விழுந்தால், அவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: மேடத்துக்கு முன்பே தெரியும். அன்று நீங்கள் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்க வேண்டியதில்லை.